அலறிய பெட்டியும் அன்சாரியின் செருப்பும்

சத்தம் போடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்ததும் உங்கள் கை முதலில் எங்கே போகிறது? ஸ்க்ரூ டிரைவருக்குத்தானே? எனக்குத் தெரியும். என் கையும் பல வருஷம் அங்கேதான் போனது. நாலு திருகாணியைக் கழற்றினால்தான் வேலை செய்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கும் ஒரு திருப்தி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஏன் என்று கேட்டால், அதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. பெட்டிகளைப் பிரித்து மாட்டியே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாது, எழுந்து நின்றுவிடுவேன். என் வீட்டுக்காரிக்கு இது மனப்பாடம். நான் எழுந்ததும் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். நீங்கள் போக முடியாது, உட்காருங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. விருத்தாசலத்தில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பக்கம் ஒரு சென்டரை வசந்தா என்ற அம்மாள் நடத்தினார். அதற்கு முன் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து வெளியே வரும் சரக்கைத் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. கம்பெனி மூடியதும் துணிந்து இந்தக் கடையைப் போட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களின் இரண்டு பழக்கங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒன்று, சூளையில் கழித்துப்போட்ட பீங்கானுக்கு எங்கள் ஊரில் இல்லாத உபயோகம் கிடையாது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அது, பேப்பர் பறக்காமல் இருக்க அது, கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கவும் அதுதான். இரண்டாவது, பீங்கான் வேலை பார்த்தவர்கள் எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சரக்கு ‘டிங்’ என்று பாடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘தொப்’ என்று செத்த சத்தம் வரும். அதனால் தர்பூசணி, தகரப் பீரோ, புது வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டு. கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா?

வசந்தாவின் கடையில் இருந்தவற்றில் ஒரே ஒரு சிஸ்டத்தில்தான் கேமராவும் மைக்கும் வேலை செய்தன. மற்றவை பழசு, பாட்டுக்கூடப் பாடாது. இந்த நல்ல சிஸ்டம்தான் சத்தம் போட்டது. ஆன் செய்ததும் சாதுவாக இருக்கும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடு ஏறியதும் முதலில் ஒரு முனகல். பிறகு டர்ர்ர்ரென்று ஓர் அலறல். பல் கூசும். வசந்தா எழுந்து வந்து பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார், அடங்கும். கொஞ்ச நாளில் இரண்டு தட்டு தேவைப்பட்டது. பிறகு மூன்று.

என்னிடம் கொண்டுவந்தார். என் கடை மேஜையில் வைத்து ஓட விட்டேன். மூச்சுக்கூட விடவில்லை! சாயங்காலம் வரை ஓடியது, ஒரு சத்தம் இல்லை. சரி, எதற்கு வம்பு என்று ஃபேனை மாற்றிக் கொடுத்தேன். தூசியெல்லாம் ஊதித் தள்ளினேன். கடைக்குக் கொண்டுபோய் ஓட விட்ட கொஞ்ச நேரத்திலேயே வசந்தாவிடமிருந்து போன் வந்தது.

“சார், ஒங்க கடையில சாமியாரு மாதிரி உக்காந்துக்கிட்டு இருந்துட்டு, இங்க வந்ததும் பேயாட்டம் கத்துது சார். ஒங்களக் கண்டா அதுக்கு பயமா?”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். ஆனால் அந்த வாரம் எனக்குப் பக்கத்து ஊர் வேலை, போக முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் மறுபடி போன். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

“சார், எங்க இருந்தாலும் ஒடனே வாங்க. ஒரு புள்ளையோட பொழப்பு சார்.”

போனேன். கடைக்குள் ஒரு வாலிபன் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, படிய வாரிய தலை. இடுப்புக்குக் கீழே பார்த்தால் நீலக் கைலி, ரப்பர் செருப்பு! நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான்.

“கேமராவுல கீழ தெரியாது சார். பஸ்ஸுல பேன்ட்டு கசங்கிடும்னு கைலியிலயே வந்துட்டேன்.”

பெயர் அன்சாரி. மங்கலம்பேட்டைக்காரன். பீங்கான் தொழிலில் டிப்ளமோ படித்தவன். வசந்தா வேலை பார்த்த அதே கம்பெனியில் சூளைப் பிரிவில் இருந்தான். கம்பெனி மூடியபின் சரியான வேலை அமையவில்லை. கல்ஃபில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள், இன்டர்வியூ கேமரா வழியாக. போன வாரமே நடந்திருக்க வேண்டியது. அன்றைக்கும் இதே நாற்காலியில், இதே சட்டையில் உட்கார்ந்திருக்கிறான். இவன் பெயரைச் சொல்லும் முன்பே பெட்டி அலற ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

“ஏஜென்ட்டு கால்ல வுழாத கொறையா கேட்டு இன்னொரு சான்ஸ் வாங்கியிருக்கேன் சார். இன்னைக்கும் அந்த சத்தம் வந்தா அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. எம் பொண்ணு வேற தெருவுல போறவங்க வரவங்க எல்லார்கிட்டயும், எங்க அத்தா துபாய் போறாங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்குது. பள்ளிவாசல்ல ஒரு மனுசன் பாக்கி இல்ல சார், எப்ப கெளம்புறன்னு கேக்காதவங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் டை முடிச்சை இரண்டு தடவை இறுக்கிக்கொண்டான்.

“வேற சென்டருக்குப் போகலாமே தம்பி?”

“கடத்தெருப் பக்கம் பூரா இன்னைக்கு கரண்டு இல்ல சார்,” என்றார் வசந்தா. “மாசாந்தர ஷட்டவுன். ஸ்டேஷன் பக்கம் மட்டும்தான் இருக்குது.”

இன்டர்வியூவுக்கு அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது. பெட்டி ஏற்கெனவே முனக ஆரம்பித்திருந்தது. நான் பையைக் கீழே வைப்பதற்குள் டர்ர்ர்ரென்று அலறல். வசந்தாவின் கை தானாக ஓங்கியது. நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

“அடிக்காதீங்கம்மா! கத்தட்டும். கத்துனாத்தான கண்டுபிடிக்க முடியும்!”

பக்கத் தகட்டைக் கழற்றினேன். அலறல் அப்படியே இருந்தது. நான் புதிதாக மாட்டிய ஃபேனின் நடுக்குமிழில் விரல் நுனியை வைத்து ஒரு நொடி நிறுத்தினேன். நீங்கள் இதைச் செய்யாதீர்கள், நான் செய்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. விரலை எடுத்தால் மறுபடி முழு அலறல்.

“ஃபேன்தான் சார்!” என்று அன்சாரி குதித்தான். “இன்னொரு ஃபேன் இருக்குதா?”

இருந்தது. பைக்குள்ளேயே இருந்தது. தம்பிகளே, இந்த இடத்தில்தான் நம் தொழிலே இருக்கிறது. கையில் ஸ்பேர் இருக்கிறது, நேரம் இல்லை, எதிரே ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சத்தமும் ஃபேனைக் கைகாட்டுகிறது. மாற்றிவிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். என் கை துறுதுறுவென்றது. ஆனால் மனசுக்குள் ஒரு முள். இதே ஃபேன், இதே பெட்டி, என் கடையில் சாயங்காலம் வரை ஓடி ஒரு முனகல்கூட விடவில்லையே? ஃபேன் கெட்டதென்றால் அங்கேயும் கத்தியிருக்க வேண்டுமே? பெட்டி ஒன்றுதான். இடம்தான் வேறு. அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கிறது?

கரண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வயர் எதுவும் ஃபேனில் உரசுகிறதா என்று பார்த்தேன், இல்லை. பேப்பரைக் குழல் மாதிரி சுருட்டிக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போனேன். மேலே முனகல். நடுவில் கொஞ்சம் பலமாக. அடியில் போனதும் காதுக்குள் மிஷின் துப்பாக்கி! குழலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

பெட்டி மேஜை மேல் உட்கார்ந்திருக்கவில்லை. கரண்டு கம்பத்தில் கம்பி சுற்றுகிற, இடுப்புச் சிறுத்த பீங்கான் உருளை இருக்கிறதே, அப்படி நாலு உருளைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மேஜைக்கு மேலே கடப்பைக்கல் பலகை வேறு.

“என்னாம்மா இது?”

“எறும்பு ஏறுதுன்னு முட்டுக் குடுத்தேன் சார். கம்பெனி மூடறப்ப கழிச்சுப்போட்ட ரிஜெக்ட்ல எடுத்தாந்தது. ஒங்க கடைக்குப் பொட்டிய மட்டும்தான கொண்டாருவேன்? இந்த உருளையெல்லாம் எதுக்குத் தூக்கிக்கிட்டு வரணும்?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் சந்தேகம்தான், உறுதி இல்லை. பெட்டியை அணைத்துவிட்டு உருளைகளை எடுக்கலாம். ஆனால் மறுபடி ஆன் செய்தால் சூடேறிச் சத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்டர்வியூ ஆரம்பித்துவிடும். என் ஊகம் தப்பானால் பாதிப் பேச்சில் அலறி அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிடும். இப்போதே, கத்திக்கொண்டிருக்கும்போதே, பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஓடும் பெட்டியைத் தூக்கக் கூடாது என்பது நமக்கு முதல் பாடம். உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கிறது. ஓர் அதிர்ச்சி போதும், இன்டர்வியூவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

அவர்கள் இருவரையும் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் எதற்குக் கவலைப்படுகிறேன்? என் எதிரில் நிற்பது யார்?

“சுடாத பச்சைச் சரக்கை சூளைக்கு எப்படித் தூக்கிக்கிட்டுப் போவீங்க?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வசந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அன்சாரி டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டான். ஆளுக்கொரு பக்கம் உள்ளங்கையைப் பெட்டிக்கு அடியில் மெல்ல நுழைத்தார்கள். வசந்தா தலையை அசைத்தார். பெட்டி எழுந்தது. சாயவில்லை, ஆடவில்லை, தண்ணீர் நிரம்பிய தட்டாக இருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

அலறல் நின்றது.

டக்கென்று நின்றது! ஃபேன் மட்டும் உஸ்ஸென்று மெல்லிசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. “கெடச்சிடுச்சு!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“சார், கை கடுக்குது,” என்றார் வசந்தா.

“எறக்கிடாதீங்க! அப்படியே இருங்க!”

உருளைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டேன். பெட்டியை எதன் மேல் இறக்குவது? வெறுங்கல்லின் மேல் வைத்தால் மறுபடி அதிரும். மெத்தென்று ஏதாவது வேண்டும். என் கண் தரையில் அலைந்தது. அன்சாரியின் கால்களில் போய் நின்றது.

“தம்பி, செருப்பக் கழட்டு.”

“சார்?”

“கழட்டுப்பா!”

பெட்டியைத் தாங்கியபடியே காலை உதறினான். ரப்பர் செருப்பு இரண்டையும் துடைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மேஜையில் போட்டேன். பெட்டி அவற்றின் மேல் இறங்கியது. காத்திருந்தோம். சூடாகத்தான் இருந்தது, ஃபேன் வேகமாகத்தான் சுற்றியது. முனகல்கூட வரவில்லை. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் அன்சாரி தன் பழக்கத்தைக் காட்டிவிட்டான். உருளைகளை எடுத்து விரல் முட்டியால் தட்டினான். டிங். டிங். டிங். தொப்.

“அக்கா, இதுல விரிசல் வுட்டிருக்குது. நீங்க மேல தட்டத் தட்ட, கீழ இது இன்னும் பொளந்திருக்குது.”

அவ்வளவுதான் விஷயம். சூடேறியதும் வேகமெடுக்கும் ஃபேனின் சின்ன அதிர்வு பெட்டி வழியாக இறங்க, பிளந்த பீங்கான் உருளை கடப்பைக்கல்லின் மேல் கடகடவென்று ஆடியிருக்கிறது. வசந்தா தட்டும்போதெல்லாம் உருளை கொஞ்சம் நகர்ந்து சத்தம் அடங்கும், விரிசல் இன்னும் வளரும். தரம் பார்த்தே பிழைத்த அம்மாள், தட்டித் தட்டி நோயை வளர்த்திருக்கிறார்! அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன், திரையில் அழைப்பு வந்துவிட்டது.

நானும் வசந்தாவும் கேமராவுக்குத் தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினோம். அந்தப் பக்கம் ஒரு மலையாளி மேனேஜர். தமிழ் தெரிந்தவர். முதல் கேள்வியே, “இன்னைக்கு என்ன, அமைதியா இருக்கு?” என்பதுதான். பிறகு சூளைச் சூடு, மண் கலவை, மெருகு என்று கேட்டுக்கொண்டே போனார். அன்சாரி பதில் சொன்னான். சரியாகத்தான் சொன்னான், ஆனால் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. மேனேஜர் முகத்தில் ஒரு சலிப்பு.

“கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிக் கண்டுபிடிப்ப?”

“சத்தத்துல சார்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வேலைக்கு வந்ததும் ஒருத்தருக்கும் காது இல்லை.”

அன்சாரியின் கை மேஜைக்குப் போனது. நாலு உருளைகளையும் கேமராவுக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டான்.

“சார், நான் தட்டறேன். நீங்க கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க, எது ரிஜெக்ட்னு.”

வசந்தா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார். வேலை கேட்க வந்தவன் வேலை கொடுப்பவருக்குப் பரீட்சை வைக்கிறான்! மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். பிறகு, என்ன தோன்றியதோ, கண்ணை மூடினார்.

மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினான். டிங். தொப். டிங். டிங்.

அந்த ‘டிங்’ கடல் தாண்டிப் போனது. போன வாரம் இவன் பெயர்கூடப் போகாத அதே கம்பியில்.

“ரெண்டாவது,” என்றார் மேனேஜர், கண்ணைத் திறக்காமல்.

“அதேதான் சார். போன வாரம் ஒங்க காதக் கிழிச்ச சத்தம் இதோட சத்தம்தான். கம்ப்யூட்டருக்குக் கீழ முட்டுக் குடுத்திருந்தாங்க. சர்வீஸ் சார் வந்து இடத்தக் கண்டுபிடிச்சாரு. எது ஒடஞ்சதுன்னு நான் கண்டுபிடிச்சேன்.”

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். நன்றாகவே சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பாஸ்போர்ட் ரெடியா இருக்கா?” என்றார்.

அன்சாரி மடியிலிருந்த உருளைகளை மேஜையில் தள்ளிவிட்டுச் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டான். கேமரா அவன் முகத்திலிருந்து இறங்கி நேராக நீலக் கைலியில் போய் நின்றது. அவன் பதறி உட்காருவதற்குள் மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். “இங்கே வரும்போது பேன்ட் போட்டுட்டு வா,” என்றார்.

விசா விவரம் மெயிலில் வரும், சிஸ்டத்தை அணைக்க வேண்டாம் என்றார்கள். வந்ததும் பார்த்துச் சொல்வதாக வசந்தா ஏற்றுக்கொண்டார். பிறகு அந்தச் செருப்பை யார் உருவுவது? என் செருப்பைக் கொடுத்து அனுப்பினேன். அவனுக்கு ஒரு சைஸ் பெரிசு. அதை இழுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். நான் வெறுங்காலோடு தார் ரோட்டில் வீடு போனேன். நன்றாகச் சுட்டது. என்ன ஆயிற்று என்று வீட்டில் கேட்டபோது நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்தான் இது.

அடுத்த முறை பெட்டி சத்தம் போட்டால், அதை மட்டும் பார்க்காதீர்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, நம் கடையில் இல்லாதது அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்சாரி போய்ச் சில மாதம் கழித்து, வேறு ஒரு வேலையாக வசந்தாவின் கடைக்குப் போயிருந்தேன். அவன் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். முதன்முதலாகக் கேமராவில் அவனைப் பார்க்கப் போகிறார்கள். திரையில் அவன் முகம் வந்தது. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சின்னப் பெண் மட்டும் நாற்காலியில் முட்டி போட்டு நின்று திரையைப் பார்த்தாள். பிறகு திரையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“அத்தா! ஒங்க செருப்பு இங்க இருக்குது! வுட்டுட்டுப் போயிட்டீங்க!”

“இருக்கட்டும்மா,” என்றான் அன்சாரி அங்கிருந்து. “அது அங்கயே இருக்கட்டும். அது இருந்தாத்தான் நான் பேசறது ஒனக்குக் கேக்கும்.”

அவன் மூக்கை உறிஞ்சியதுகூட எங்களுக்குக் கேட்டது.